விளக்குக்கு ஓர் அறை உண்டு, மூச்சுக்கு இல்லையா?

ஜரியா நிலக்கரி வயலில் சுரங்கத்துள் இறங்கும் தொழிலாளி முதலில் செல்லுமிடம் விளக்கறை. தன் எண் பொறித்த வில்லையை அங்கே கொடுக்கிறான். தலையில் மாட்டும் மின்விளக்கைப் பெற்றுக்கொள்கிறான். அவ்விளக்கின் மின்கலம் முந்தைய ஷிப்டு முடிந்தது முதல் அந்த அறையிலேயே மின்னேற்றம் பெற்றிருக்கிறது. கண்ணாடி உடைந்துள்ளதா, கம்பி நைந்துள்ளதா, ஒளி வேலைநேரம் முழுவதும் நிற்குமா என்று பார்ப்பதற்கென்றே அங்கு ஆள் உண்டு. வேலை முடிந்து மேலே வந்ததும் விளக்கைத் தந்துவிட்டு வில்லையைத் திரும்பப் பெறுகிறான். ஒரு வில்லை மட்டும் ஆணியிலேயே தொங்குமாயின், ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான் என்பது பொருள்.

"விளக்கை வீட்டுக்கு எடுத்துப் போ, இரவில் நீயே மின்னேற்றிக்கொண்டு காலையில் வா" என்று முறையாக நடக்கும் சுரங்கம் எதிலும் சொல்வதில்லை. சொன்னால் நாம் சிரிப்போம், சட்டம் சினக்கும்.

அதே தொழிலாளி தன் மூச்சைக் காத்துக்கொள்ள ஒரு மின்விசிறிக் கவசம் அணிகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் ஒரு மின்கலம் உண்டு. அதை யார் மின்னேற்றுவது? யார் சோதிப்பது? பழையதாகிவிட்டால் யார் மாற்றுவது? இவ்வினாக்களுக்கு விளக்கறையைப் போன்ற தெளிவான விடை இல்லை. தலையில் எரியும் ஒளிக்குக் காட்டிய அக்கறையை மார்பில் ஓடும் மூச்சுக்கு நாம் ஏன் காட்டவில்லை? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் பகை இன்னதென்று அறிவோம். மணற்கல்லிலும் வெண்கல்லிலும் பாறைகளிலும் நிறைந்திருப்பது சிலிக்கா. கல்லை உடைக்கும்போதும் துளையிடும்போதும் அரைக்கும்போதும் அது தூசியாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி பெரிய ஆபத்தன்று. அதை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசியே கொல்லும் தூசி. மனிதத் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நுரையீரலின் ஆழத்துள் நுழைவதோ 10 மைக்ரானுக்கும் குறைந்தது. அதிலும் 5 மைக்ரானுக்குக் கீழானவை மிகக் கொடியவை. அவை காற்றறைகளில் தங்கித் தழும்பை உண்டாக்குகின்றன. தழும்பு பரவப் பரவ மூச்சு குறுகுகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தூசியை விட்டு விலகிய பின்னும் நோய் வளரக்கூடும். காசநோயும் எளிதில் வந்து சேர்ந்துகொள்ளும்.

தமிழராகிய நமக்கு இந்நோய் அயலானதன்று. கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் பாறையைத் துளைத்தவருள் பெரும்பாலோர் தமிழ் பேசியவர். இந்நாட்டில் சிலிக்கோசிஸ் பற்றி முதலில் வெளிவந்த மருத்துவ ஆய்வுகளுள் கோலார் ஆய்வுகள் முதன்மையானவை. 2001-ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. பாறை மட்டும் வேறிடங்களில் உடைந்துகொண்டே இருக்கிறது. இராசத்தானத்து மணற்கல் குழிகளிலும், குசராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லை மெருகிடும் வீடுகளிலும், கோத்ராப் பகுதியின் வெண்கல் அரைக்கும் ஆலைகளிலும் அதே தூசி, அதே நோய். கோத்ரா ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து கூலிக்குப் போய் இந்நோயால் மடிந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இராசத்தான அரசு 2019-இல் இந்நோய்க்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. நோய் உறுதியானால் 3 இலட்சமும், இறந்தபின் குடும்பத்துக்கு 2 இலட்சமும் தருவதாக அறிவித்தது. இவை நல்ல செயல்களே. ஆயினும், மூச்சு போன பின் தரும் பணத்தைவிட, மூச்சு போகாமல் காக்கும் ஏற்பாடு மேலானதன்றோ?

காக்கும் வழிகளில் முகக்கவசத்துக்குக் கடைசி இடமே உரியது. இதை ஐயமறச் சொல்லிவிட வேண்டும். துளையிடும்போது நீரைப் பாய்ச்சினால் தூசி எழும்பாது. எழும்பும் இடத்திலேயே உறிஞ்சு குழாய் வைத்தால் பரவாது. அரைக்கும் இயந்திரத்தை மூடிவிட்டால் வெளியே வராது. இவற்றையெல்லாம் செய்யாமல் முகமூடியை மட்டும் மாட்டிவிடுவது, கூரையை வேயாமல் குடையைக் கொடுப்பது போன்றது. ஆனால் எல்லாம் செய்த பின்னும் எஞ்சும் தூசி உண்டு. நீர் பாய்ச்ச முடியாத வேலை உண்டு. பழுது பார்க்கப் போகிறவன், தொட்டியைச் சுரண்டுகிறவன், வெல்டிங் புகையில் குனிகிறவன் ஆகியோருக்குக் கவசம் வேண்டியே இருக்கும். வேண்டுமென்றால் அது மெய்யாகவே காக்கும் கவசமாக இருக்க வேண்டும்.

சாதாரண முகக்கவசத்தில் காற்றை வடிகட்டியின் வழியே இழுப்பது அணிந்தவனுடைய மார்பு. ஓய்வில் இருக்கும் மனிதன் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறான். சம்மட்டி அடிப்பவனுக்கு 40 லிட்டரும் அதற்கு மேலும் வேண்டும். வேனிற்காலத்து நண்பகலில், இத்தனை காற்றையும் ஒரு தடித்த வடிகட்டியின் வழியே இழுத்துக்கொண்டு எட்டுமணி நேரம் உழைத்துப் பாருங்கள்! பத்தாவது நிமிடத்தில் கவசம் கழுத்துக்கு இறங்கிவிடும். அதைக் கண்டு "இவர்களுக்குச் சொன்னால் விளங்காது" என்று மேற்பார்வையாளர் சலித்துக்கொள்வார். விளங்காதவர் யார்? மூச்சு முட்டினால் முகமூடியை இறக்குவது அறியாமை அன்று, உடலின் இயல்பு.

இன்னொரு குறையும் உண்டு. இறுக்கமான கவசம் தோலோடு ஒட்டி அமர வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. இடுக்கின் வழியே தூசி புகும். சமயக் கடமையாகத் தாடி வளர்ப்போரை "மழித்துவிட்டு வா" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஒடுங்கிய முகத்துக்கும் எல்லா அளவும் பொருந்துவதில்லை.

இவ்விரு குறைகளுக்கும் மாற்றாக வந்ததே மின்விசிறி மூச்சுக்கவசம். இடுப்பு வாரில் ஒரு சிறு பெட்டி. அதற்குள் விசிறியும் வடிகட்டியும் மின்கலமும் உள்ளன. விசிறி வெளிக்காற்றை வடிகட்டியின் வழியே இழுத்து, ஒரு குழாய் வழியாகத் தலைமூடிக்குள் செலுத்துகிறது. உள்ளே காற்று நிறைந்து வெளியே வழிவதால் தூசி உட்புக வழியில்லை. இழுக்கும் உழைப்பு மார்பை விட்டு மின்கலத்துக்கு மாறுகிறது. முகத்தின்மேல் குளிர்ந்த காற்று படுகிறது. தளர்ந்த தலைமூடியாயின் தாடியும் தடையில்லை. நம் நாட்டிலும் வெல்டிங் பட்டறைகளிலும் மருந்து ஆலைகளிலும் இது வந்துவிட்டது. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது பல நாட்டு மருத்துவர்கள் இதை அணிந்து நோயாளிகளைக் காத்தனர்.

இக்கருவியின் ஆற்றலை அளந்து சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 2006-இல் வகுத்த அளவுகளின்படி, முகத்தில் சரியாகப் பொருந்திய அரைமுகக் கவசத்தின் காப்பெண் 10. அதாவது, வெளியில் இருக்கும் தூசியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே புகாது என்று கொள்ளலாம். தளர்ந்த தலைமூடியுள்ள விசிறிக் கவசத்தின் காப்பெண் 25. முழுமுகத்தையும் இறுக்கமாக மூடும் விசிறிக் கவசத்துக்கோ 1000. ஆனால் ஒரு நிபந்தனை. தளர்ந்த தலைமூடிக்கு விசிறி நிமிடத்துக்கு 170 லிட்டர் காற்றுக்குக் குறையாமல் தந்துகொண்டே இருக்க வேண்டும். எட்டுமணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 81,600 லிட்டர்! ஒருவன் உள்ளங்கையில் அடங்கும் மின்கலம் இத்தனை காற்றையும் தள்ள வேண்டும்.

இனி நம்மில் அறிவியல் பயிலும் நண்பர்கள் சற்றுக் காகிதமும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். விசிறி 5 வாட் மின்விசை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டுமணி நேரத்துக்கு 40 வாட்-மணி வேண்டும். கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய லித்தியம்-அயனிக் கலம் ஒன்றில் ஏறத்தாழ 10 வாட்-மணி அடங்கும். ஆக நான்கு கலங்கள் சேர்ந்தால் ஒரு ஷிப்டு சரியாக ஓடும். புதிதாக வாங்கிய நாளில் எல்லாம் நன்று. ஆனால் மின்கலம் முதுமை அடையும் பொருள். நாள்தோறும் நிரப்பிக் காலி செய்ய, அதன் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. கொள்ளளவு எண்பது விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டதென்று கொள்வோம். இப்போது 32 வாட்-மணிதான் உண்டு. விசிறி 6 மணி 24 நிமிடம் ஓடி நின்றுவிடும். எஞ்சிய 1 மணி 36 நிமிடத்துக்குத் தொழிலாளி என்ன செய்வான்? விசிறி நின்ற தலைமூடிக்குள் விட்ட மூச்சே மீண்டும் சூழும். கரியமில வாயு மிகும். ஆகவே கழற்றி வைத்துவிட்டு வேலையை முடிப்பான். கூலி வேண்டுமே!

அவன் உள்ளிழுத்த தூசி எவ்வளவு? கவசமே இல்லாமல் எட்டுமணி நேரம் இழுத்திருந்தால் 8 பங்கு என்று வைப்போம். கவசம் ஓடிய 6.4 மணிக்கு, இருபத்தைந்தில் ஒன்றாக 0.256 பங்கு. கவசமில்லாத 1.6 மணிக்கு முழுதாக 1.6 பங்கு. ஆக 1.856 பங்கு. எட்டை இதனால் வகுத்தால் வருவது 4.3. இருபத்தைந்து மடங்கு காக்கும் என்று விலை கொடுத்து வாங்கிய கருவி, அந்நாளின் முடிவில் நான்கு மடங்குக்குச் சற்றே மேலாகத்தான் காத்திருக்கிறது. நாள் முழுதும் சரியாக அணிந்த எளிய அரைமுகக் கவசத்தின் பத்தைக்கூட எட்டவில்லை. வடிகட்டியில் குறையில்லை; விசிறியில் குறையில்லை; அணிந்தவன்மேலும் குற்றமில்லை. மின்கலத்தில் ஐந்திலொரு பங்கு தேய்ந்தது. காப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போயிற்று!

மின்கலம் இக்கவசத்தின் துணைப்பொருள் என்று எண்ணுவோர் இக்கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். அது துணைப்பொருள் அன்று. தொழிலாளியின் மார்புக்கு வெளியே வைக்கப்பட்ட மார்பு.

அதன் முதுமையை விரைவாக்குவது வெப்பம். பொதுவாக விற்கும் லித்தியம்-அயனிக் கலங்களை 0 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் மின்னேற்ற வேண்டுமென்று செய்பவர்களே வரையறுக்கிறார்கள். உறைகுளிரில் மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெடும். கொதிவெப்பத்தில் மின்னேற்றினால் வேதிப்பொருள்கள் சிதைந்து கொள்ளளவு குறையும். தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. வடநாட்டில் படிக்கும் நமக்குச் சித்திரை வைகாசி வெயிலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இராசத்தானத்தில் நிழலிலேயே 45 பாகையைத் தாண்டும் நாட்கள் பல. தகரக் கூரையின் கீழ், சுவரோரத்து மின்செருகியில் தொங்கவிட்டு மின்னேற்றும் கலம் எத்தனை நாள் உழைக்கும்?

அதைவிடக் கொடுமை, "வீட்டில் மின்னேற்றிக்கொள்" என்னும் சொல். அவன் வீட்டில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது அவனுக்கே தெரியாது. இரவு மின்சாரம் போனால் மறுநாள் மூச்சும் போயிற்று. மேலும், தூசி படிந்த கருவியை வீட்டுக்கு எடுத்துச் செல்வதென்பது ஆலையின் தூசியைக் குழந்தைகளின் பாயருகே கொண்டு வைப்பதாகும். ஈயத் தூசியானாலும் கல்நார்த் தூசியானாலும் தொழிலாளியின் உடையோடு வீடுவந்து மனைவி மக்களைத் தாக்கிய கதைகள் மருத்துவ நூல்களில் நிறைய உண்டு.

விளக்குக்கு உண்டான முறை மூச்சுக்கு ஏன் உண்டாகவில்லை? காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை என்பது என் துணிபு. நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு உண்டு. காற்றில் அது 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும், வெடித்துவிடும். 1815-இல் ஹம்ப்ரி டேவி கம்பிவலை விளக்கைச் செய்ததும், பின்னர் மின்விளக்கு வந்ததும், விளக்கைப் பூட்டிச் சோதித்துக் கொடுக்கும் விதிகள் வந்ததும் இந்த வெடிப்பின் அச்சத்தால். கெட்டுப்போன விளக்கு நூறு பேரை ஒரு நொடியில் கொல்லும், சுரங்கத்தையும் அழிக்கும், முதலாளியின் முதலும் புதைந்துபோகும். மறுநாள் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரும். கெட்டுப்போன மூச்சுக்கவசமோ ஒருவனை மட்டும் கொல்லும். அதுவும் இன்றன்று, பத்தாண்டு, இருபதாண்டு கழித்து. அதற்குள் அவன் வேலையை விட்டிருப்பான், ஊருக்குத் திரும்பியிருப்பான், கட்டிலில் சாய்ந்து இருமிக்கொண்டிருப்பான். எந்தச் செய்தித்தாளும் அவன் இருமலை அச்சிடாது. உடனே கொல்லும் ஆபத்துக்குச் சட்டம் விழித்திருக்கிறது. மெல்லக் கொல்லும் ஆபத்தின் முன் உறங்குகிறது. சொத்தோடு சேர்ந்து அழியும் உயிருக்குக் காவல் உண்டு. தனியே அழியும் உயிருக்கு இல்லை. இதை ஒப்புக்கொள்ள நாணமாக இருக்கிறது. ஆயினும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளையும் பார்ப்போம். "இக்கருவி விலை மிக்கது, நம் போன்ற ஏழை நாட்டுக்கு ஏற்றதன்று" என்பார் சிலர். எல்லாத் தொழிலாளருக்கும் இன்றே கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீரும் உறிஞ்சு குழாயும் போதுமான இடத்தில் அவையே போதும். ஆனால் கொடுத்துவிட்ட இடத்தில் அரைகுறையாகக் கொடுக்காதீர்கள் என்கிறேன். கருவியை வாங்கிவிட்டு மின்கலத்தை மாற்றாமல் விடுவது சிக்கனம் அன்று. கொடுத்த விலையையும் வீணாக்கும் செயல்.

"எச்சரிக்கை மணி இருக்கிறதே, காற்று குறைந்தால் ஒலிக்குமே" என்பார் வேறு சிலர். நல்ல கருவிகளில் இருக்கிறது, உண்மை. மணி ஒலித்த பின் என்ன செய்வது என்பதன்றோ கேள்வி! மாற்று மின்கலம் அரை மைல் தொலைவில் இருந்தால், வேலையை நிறுத்தினால் அரைநாள் கூலி போகும் என்றால், மணி ஒலிப்பதால் யாருக்கு என்ன பயன்? கடன்காரன் கதவைத் தட்டுவது போல் அது தட்டிக்கொண்டே இருக்கும். அவனும் கேளாதவன் போல் இருந்துவிடுவான்.

"வெடிவாயு உள்ள இடத்தில் மின்கலமே ஆபத்தல்லவா?" என்பது மூன்றாவது மறுப்பு. இது மதிக்கத் தக்க மறுப்பு. நிலக்கரிச் சுரங்கத்துள் கொண்டுபோகும் மின்கருவி எதுவும், பழுதானாலும் வாயுவைப் பற்றவைக்கும் அளவுக்குப் பொறி விடாதபடி அமைக்கப்பட்டுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அத்தகைய விசிறிக் கவசங்கள் உலகில் மிகச் சிலவே. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் பல்லாண்டு பயன்பட்ட ஒருவகை விசிறித் தலைக்கவசத்தின் உற்பத்தி 2020-இல் நின்றபோது, அங்குள்ள தொழிலாளரும் நிர்வாகமும் அரசுத் துறையும் மாற்றுத் தேடித் திண்டாடினர். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? ஒரே ஓர் அயல்நாட்டு நிறுவனம் கடையை மூடினால் மூச்சும் மூடிப்போகும் நிலை கூடாது என்பதே. தலைவிளக்குக்குப் பாதுகாப்பான மின்கலத்தை நம் நாட்டிலேயே செய்கிறோம். விசிறிக்கும் அத்தகைய மின்கலத்தைச் செய்வது நம் பொறியியலாரின் ஆற்றலுக்கு மேற்பட்டதன்று.

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? விளக்கறையின் பக்கத்திலேயே கவச அறை ஒன்று வேண்டும். சுரங்கம் அல்லாத ஆலையாயினும் அத்தகைய அறை வேண்டும். அது தூசி புகாததாக, காற்றோட்டம் உள்ளதாக, வெப்பம் மிகாததாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு மின்கலத்துக்கும் ஓர் எண். அது வேலைக்கு வந்த நாள் ஏட்டில் பதிவாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை முழுதும் நிரப்பி, எத்தனை மணிநேரம் விசிறியை ஓட்டுகிறதென்று அளந்து எழுத வேண்டும். ஷிப்டின் நீளத்தைவிடக் கால்பங்கு கூடுதலாக ஓடாத மின்கலம் அன்றே ஓய்வு பெற வேண்டும். ஒவ்வொரு நாளும் கொடுக்குமுன் காற்றின் அளவைக் காட்டும் கருவியை வைத்து ஒரு நிமிடம் சோதிக்க வேண்டும். வேலையிடத்துக்கு அருகிலேயே நிரம்பிய மாற்று மின்கலங்கள் இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி. விசிறி நின்றால் வேலை நிற்கும், கூலி நிற்காது. இவ்வொரு விதி எழுதப்பட்டு நடைமுறைக்கு வந்தால், மற்ற விதிகளெல்லாம் தாமே நடக்கும். ஏனெனில், கெட்ட மின்கலத்தின் செலவு அப்போது தொழிலாளியின் நுரையீரலிலிருந்து முதலாளியின் கணக்கேட்டுக்கு மாறிவிடும். கணக்கேட்டில் ஏறிய நட்டத்தை எந்த முதலாளியும் நெடுநாள் பொறுக்க மாட்டார்.

சட்டம் இதற்கு முற்றும் பகையன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஏற்றன. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் பெறக்கூடாது என்கிறது. நன்று. கவசத்தின் விலையைப் பெறாதவர், மின்கலத்தின் விலையையும் மின்சாரத்தின் விலையையும் பெறக்கூடாது என்பது அதன் நேர்பொருள் அன்றோ? ஆனால் அதே தொகுப்பு, மின்விசையால் இயங்கும் தொழிற்சாலை என்பதற்கு முன்பு 10 பேர் என்றிருந்த எல்லையை 20 பேராக உயர்த்தியது. பதினைந்து பேர் வேலை செய்யும் கல்லரைக்கும் கொட்டகையில் தூசி குறைவா? ஆள் எண்ணிக்கையைப் பார்த்து நுரையீரலுக்குள் போவதா வேண்டாமா என்று சிலிக்கா முடிவு செய்வதில்லை. சிறு ஆலைகள் தனித்தனியே கவச அறை வைக்க இயலாதெனில், பத்து ஆலைகளுக்குப் பொதுவாக ஒன்றை அவர்களின் கூட்டமைப்போ அரசோ நடத்தலாம். கூட்டுறவுப் பால் நிலையம் நடத்தத் தெரிந்த நாட்டுக்கு இது பெரிய வேலையா?

மின்கலத்தின் முடிவையும் மறத்தலாகாது. ஓய்வு பெற்ற மின்கலம் குப்பைக்குப் போனால், அதை உடைத்து உலோகம் எடுப்பவன் மூச்சுக்குக் கேடு. பழைய வகைகளில் காட்மியம் என்னும் நஞ்சு உண்டு. லித்தியம் கலங்கள் நசுங்கினால் தீப்பிடிக்கும். ஒருவன் மூச்சைக் காத்த பொருள் இன்னொருவன் மூச்சைக் கெடுப்பதா? 2022-இல் மைய அரசு வெளியிட்ட மின்கலக் கழிவு விதிகள், செய்தவரே திரும்பப் பெற வேண்டும் என்று பொறுப்பைச் சுமத்துகின்றன. கவச அறையின் ஏடு ஒழுங்காக இருந்தால், எண் போட்ட ஒவ்வொரு கலமும் எங்கே போயிற்று என்று கேட்கவும் முடியும்.

தோழர்களே! இதை நம் சங்க இதழில் எழுதுவதன் நோக்கம் உங்களிடம் இரக்கம் வேண்டுவதன்று. இன்னும் சில ஆண்டுகளில் நம்மிற் பலர் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பொறியாளராக அமர்வோம். சிலர் சட்டம் பயின்று வழக்காடுவோம். சிலர் மருத்துவராகி மார்புப் படத்தை ஒளியில் தூக்கிப் பார்ப்போம். சிலர் அரசுப் பணியில் கோப்பில் கையொப்பமிடுவோம். கவசம் வாங்கும் கோரிக்கைத் தாள் ஒருநாள் நம் மேசைக்கு வரும். அதில் "விசிறிக் கவசம் - 50" என்று இருக்கும். அப்போது நாம் பேனாவை எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போமாக. மாற்று மின்கலங்கள் எத்தனை? அவற்றைச் சோதிப்பவர் யார்? இரண்டு ஆண்டு கழித்து அவற்றை மாற்றப் பணம் எந்தக் கணக்கில் ஒதுக்கப்பட்டுள்ளது? விடை இல்லையாயின், அந்தத் தாள் வந்த வழியே திரும்பட்டும்.

உலகத் தொழிலாளர் நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் சேர்ந்து 1995-இல் ஓர் இயக்கம் தொடங்கின. 2030-க்குள் சிலிக்கோசிஸை உலகிலிருந்து ஒழிப்பது அதன் குறிக்கோள். பெரிய குறிக்கோள்தான். ஆனால் பெரிய குறிக்கோள்கள் மாநாட்டு மேடையில் நிறைவேறுவதில்லை. நீர்க்குழாயில், உறிஞ்சு விசிறியில், ஏட்டில் எழுதிய ஓர் எண்ணில், உரிய நாளில் மாற்றப்பட்ட ஒரு மின்கலத்தில் நிறைவேறுகின்றன. அச்சிறு வேலைகளைச் செய்யும் இடத்துக்குத்தான் நம் படிப்பு நம்மை அழைத்துச் செல்கிறது. அங்கே சென்றபின், நம் கையொப்பத்துக்குக் கீழே வேலை செய்யும் ஒருவனும் விசிறி நின்ற கவசத்தோடு தூசிக்குள் நிற்கலாகாது.